கர்த்தருடைய சித்தம் தேடிய தூக்கணாங்குருவி

ஒரு காட்டின் ஓரத்தில் பாழுங்கிணறு ஒன்று இருந்தது, பிள்ளைகளே. அதன்மேல் சாய்ந்து நின்ற ஈச்சமரத்தில் தீமோத்தேயு என்ற தூக்கணாங்குருவி கூடு பின்னிக்கொண்டிருந்தது. அதன் மனைவி ரெபேக்காள் பக்கத்து மட்டையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. பல் மட்டும் இருந்திருந்தால் நறநறவென்று கடித்திருக்கும்.

பின்னே என்ன? இன்றோ நாளையோ முட்டையிட வேண்டும். கூடுதான் இல்லை. தென்னையில் பாதிக் கூடு, வாகையில் பாதிக் கூடு, கருவேலத்தில் கால் கூடு. எல்லாம் தீமோத்தேயு தொடங்கி விட்டுவந்தவை.

தீமோத்தேயு பக்தியுள்ள குருவிதான். காலையில் ஜெபம் பண்ணாமல் ஒரு புல்லைக்கூடக் கிழிக்காது. ஆனால் காற்று கொஞ்சம் பலமாக வீசிவிட்டால் போதும், "இந்த மரம் கர்த்தருடைய சித்தம் இல்லை" என்று சொல்லி அடுத்த மரத்துக்குப் போய்விடும்.

அன்றும் காற்று வீசியது. கூடு ஆடியது. தீமோத்தேயு வாயிலிருந்த கீற்றைக் கீழே போட்டது.

"ரெபேக்கா, எனக்கு என்னவோ இந்த மரம்..."

"சொல்லாதீங்க! சித்தம் இல்லைன்னு மட்டும் சொல்லாதீங்க. காத்தடிக்காத மரம் இந்தக் காட்டில் எங்கே இருக்கு?"

"ஏன் இல்லை?" என்று கிணற்றுச் சுவரிலிருந்து ஒரு குரல் வந்தது. அண்டங்காக்கை! "தம்பி, கீழே அந்தக் காரைப் புதரைப் பார். இலைகூட அசையாது. உன்னைப் போன்ற விசுவாசி எதுக்குப்பா இப்படிக் கஷ்டப்படணும்?"

தீமோத்தேயுவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பார்த்தாயா ரெபேக்கா, கர்த்தர் ஆள் அனுப்பிவிட்டார்!"

"முட்டை திங்கிறவரையா அனுப்புவார்? அந்தப் புதரில் கட்டினால் இவர் நின்ன இடத்திலிருந்தே எட்டிச் சாப்பிடலாம். அதான் இவ்வளவு அக்கறை!"

காக்கை தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தது.

"ஆனால், காற்றை நிறுத்தும் ஆண்டவரே என்று நானும் தினம் கேட்கிறேனே..." என்று இழுத்தது தீமோத்தேயு.

"நிறுத்தச் சொல்லிக் கேட்டீங்க. தாங்கி நிற்கப் பலம் கேட்டீங்களா? குருவிகள் கூட்டுக்குள்ளே களிமண் அப்புறது அழகுக்கா? காத்தில் கூடு கனத்து நிற்கத்தானே! அந்தக் களிமண்ணைக் கிணற்றுக் கரையெல்லாம் ஆண்டவர் வைச்சிருக்கார். மண் அப்புற வரைக்கும் எந்தக் கூட்டிலாவது இருந்திருக்கீங்களா?"

தீமோத்தேயு தென்னையையும் வாகையையும் திரும்பிப் பார்த்தது.

"இந்தத் தடவை நான் எங்கேயும் வரமாட்டேன். ஜெபம் பண்ணிட்டு மண் எடுத்துட்டு வாங்க."

தீமோத்தேயு கண்ணை மூடியது. "ஆண்டவரே, காற்று வந்தால் வரட்டும். நான் ஓடாமல் இருக்க உதவி செய்யும்" என்றது. பிறகு வாய் நிறைய ஈரக் களிமண் சுமந்து வந்து அப்பியது. கூடு முடிந்தது. ரெபேக்காள் உள்ளே போய் முட்டையிட்டது.

மறுநாள் பெருங்காற்று கிளம்பியது.

"ஐயோ, ஆடுதே!" என்று வாசலைக் கவ்விக்கொண்டு அலறியது தீமோத்தேயு.

"ஆடினால் ஆடட்டும். அறுந்ததா?"

அறுந்துபோகவில்லை. அந்த நேரம் பார்த்து அண்டங்காக்கை வந்தது. கூட்டைப் பிடிக்கக் காலை நீட்டியது. கூடு அந்தப் பக்கம் போனது. மறுபடி நீட்டியது. கூடு திரும்பி வந்து முகத்திலேயே ஒரு போடு போட்டது! காக்கை தலைகீழாகப் போய்த் தான் புகழ்ந்த அதே காரைப் புதரில் விழுந்தது. முள்ளிலிருந்து சிறகைப் பிய்த்துக்கொண்டு ஓடியதுதான், பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

"ரெபேக்கா!" என்று கூவியது தீமோத்தேயு. "இந்தக் காற்று கர்த்தருடைய சித்தம்தான்!"

ரெபேக்காள் ஒரு பெருமூச்சு விட்டது. "சந்தோஷம். அப்படியே அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் மண் அப்புங்க."

நீதி: கஷ்டம் வரும்போதெல்லாம் இடம் மாறுகிற விசுவாசம் கூடு கட்டாது, கர்த்தரைப் பற்றிக்கொண்டு நின்ற இடத்தில் நிலைத்திருங்கள்.