ஆறாத வண்டி

ஓரகடத்து வண்டித் தொழிற்சாலையின் புகைச் சோதனைக்கூடத்தில் குருவுக்கு வயது முப்பத்திரண்டு, சிஷ்யனுக்கு நாற்பத்தெட்டு. பெயின்ட் பிரிவிலிருந்து மாற்றலாகி வந்த திருமேனிக்குப் புகையின் அரிச்சுவடியைச் சொல்லித் தந்தவர் ஃபௌசியா மேடம்தான்.

புகைக்குழாயில் இருக்கும் கன்வெர்ட்டர் சூடேறினால்தான் புகையிலிருக்கும் நஞ்சை முறிக்கும். அதுவரை விஷம் அப்படியே வெளியே வரும். அதனால் புதுப் பள்ளி வேனில் கன்வெர்ட்டரை முன்கூட்டியே சூடாக்க ஒரு ஹீட்டர் வைத்திருந்தார்கள். ஹீட்டர் இல்லாமல் புகை எப்படி என்று பார்க்கும் சோதனை திருமேனி தலையில் விழுந்தது. வண்டி ராத்திரி முழுக்க நின்று ஆறியிருக்க வேண்டும். அதுதான் விதி.

சோதனை வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு. சரியான ராகு காலம்! புது வண்டியை அந்த நேரத்திலா முதன்முதலாக ஸ்டார்ட் செய்வது? மனுஷனுக்கு மனசு கேட்கவில்லை. கொஞ்சம் முன்னாலேயே கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, ஷெட்டைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

புகை சுத்தமோ சுத்தம். செலவு மிச்சமென்று மேலிடத்துக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. ஹீட்டரைத் தூக்கிவிடச் சொல்லிவிட்டார்கள்.

"முதல் ஒரு நிமிஷப் புகைதானே மேடம்? அதுக்குப் போயா ஹீட்டர், சோதனைன்னு இத்தனை பாடு?" என்று கேட்டார் திருமேனி.

"கூட வாங்க அண்ணே" என்றார் ஃபௌசியா.

போனது ஒரு பள்ளிக்கூட வாசலுக்கு. காலையிலிருந்து ஆறிக் கிடந்த வேன்கள் வரிசையாக நின்றன. சாயங்கால மணி அடித்ததும் எல்லாம் ஒன்றாக உறுமின. பிள்ளைகள் பின்பக்கமாக ஏற முண்டியடித்தார்கள்.

"அதுங்களோட போய் நில்லுங்க."

நின்றார். கண் எரிந்தது. பக்கத்தில் ஒரு பொடிசு இருமி இருமி, குனிந்து வாந்தி எடுத்தது. மற்ற பிள்ளைகள் பழகிப்போனது போல ஒதுங்கி ஏறினார்கள்.

"சூடானா சரியாயிடும் மேடம்..."

"சூடாகுறப்போ வண்டி மெயின் ரோட்டுல இருக்கும்."

வேன்கள் போய்விட்டன. புகை போகவில்லை.

"மேடம், வெள்ளிக்கிழமை அந்த வண்டி ஆறவே இல்ல. ராகு காலம்னு முன்னாடியே ஓட்டிட்டேன்."

ஃபௌசியா அவரைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"மேல போய் இதைச் சொல்லுங்க."

"சீட்டைக் கிழிச்சிடுவாங்க மேடம். ரெண்டு பொண்ணுங்க காலேஜ்ல படிக்குது. வேலையே போயிடும்!"

"போகும்" என்றார் ஃபௌசியா.