ஏழு கோடி மரக்கால் நெல்

பொருநைக் கரையில் மணவூர் என்றொரு சின்ன ராஜ்ஜியம். ராஜா செண்பகமாறனுக்குச் சண்டை போடவும் வராது, கணக்குப் போடவும் வராது. சபைப் புலவர் குழைக்காதருக்குக் கணக்கு மட்டும் வரும்.

அறுவடை முடிந்த கையோடு ஏழு பாளையத் தலைவர்கள் படையோடு வந்து கோட்டையை வளைத்துக்கொண்டார்கள். ஏழு பேரும் கூடப் பிறந்தவர்கள். "நெல்லைக் கொடு, இல்லையேல் ஊரைக் கொளுத்துவோம்" என்று ஆள் அனுப்பினார்கள். ராஜாவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

குழைக்காதர் ராஜ முத்திரை வைத்த ஓலையோடு தனியாகப் போனார். அந்த அண்ணன் தம்பிகளைப் பற்றி ஒரு செய்தி கேள்விப்பட்டிருந்தார். எது கிடைத்தாலும் ஏழு சம பங்கு வைக்க வேண்டும். மிச்சம் விழுந்தால் மொத்தத்தையுமே தொடக்கூடாது. அப்பாவுக்குச் செய்துகொடுத்த சத்தியம்.

"எவ்வளவு தருவீர்?" என்றார் மூத்தவர் மாவலிராயர்.

"ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று மரக்கால்."

மணவூர்க் களஞ்சியத்தில் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. அதை யாரும் கேட்கவில்லை. ஓலைப்படி வாங்கிக்கொண்டு கலைந்துபோவதாக ஏழு பேரும் கருப்பசாமி மேல் ஆணையிட்டார்கள். பிறகு மணலில் உட்கார்ந்து வகுத்தார்கள்.

"மிச்சம் இரண்டு விழுகிறதே. அதைக் கழித்துவிடும்."

"முத்திரை ஓலை ஐயா. திருத்தினால் செல்லாது."

கடைக்குட்டிக்கு ஒரு யோசனை. "திருத்தத்தானே கூடாது? கடைசி இலக்கத்தை நறுக்கிவிட்டால்?"

குழைக்காதர் தாடையைத் தடவினார். "நறுக்கலாம். சாஸ்திரத்தில் தடை இல்லை."

நறுக்கினார்கள். அப்போதும் மிச்சம் இரண்டு. இன்னொன்றை நறுக்கினார்கள். மறுபடியும் இரண்டு. அடுத்து ஐந்து. அதற்கடுத்து ஒன்று.

"ஒன்றுதான் மிச்சம்! நெருங்கிவிட்டோம்!" என்று கத்தினான் கடைக்குட்டி. எழுநூற்று முப்பத்தொன்பதில் நான்கு மிஞ்சியது. எழுபத்து மூன்றில் மூன்று. மாவலிராயருக்கு வேர்த்துக் கொட்டியது. கத்தியைப் பிடுங்கி அவரே ஒரு நறுக்கு நறுக்கினார்.

ஓலையில் ஏழு என்று மட்டும் இருந்தது.

"சரியாகப் பிரிகிறது அண்ணா!"

குழைக்காதர் ஆளுக்கு ஒரு மரக்கால் தலைதட்டி அளந்துகொடுத்தார். ஆணை ஆணைதானே? ஆளுக்கொரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

ராஜாவுக்குக் காய்ச்சல் விட்டது. "என்னங்காணும் அந்த எண்?"

"ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் வகுபடாத எண், மகாராஜா. வாலை நறுக்கினால் மிஞ்சுவதும் அப்படியே. ஏழு வரைக்கும் அப்படியே."

"இதைவிடப் பெரிதாக ஒன்றைச் சொல்லி, இன்னும் கொஞ்சம் அலையவிட்டிருக்கலாமே?"

"இந்தக் குணத்தோடு இதைவிடப் பெரிய எண் கிடையாது. தேடிப் பார்த்துவிட்டேன்."

ராஜா கட்டில் ஆடச் சிரித்தார். "பரிசாக நூறு மரக்கால் நெல்! யாரங்கே, ஓலை கொண்டுவா!"

குழைக்காதர் எழுந்து கைகட்டி நின்றார்.

"ஓலை வேண்டாம் மகாராஜா. நெல்லாகவே கொடுத்துவிடுங்கள்."