பின்வாசல் இல்லாத புது வளை

வயல் எலி செம்பி தன் பழைய வளையைக் கொடுத்துவிட்டது. தவறு அங்கேதான் நடந்தது.

பழைய வளைக்கு ஒரு குறையும் இல்லை. கொஞ்சம் குறுகல், அவ்வளவுதான். வரப்பின் மறுபக்கம் பின்வாசல் உண்டு. வெளியே தெரியாதபடி மெல்லிய மண்ணால் மூடியிருக்கும். ஆபத்து வந்தால் முட்டித் தள்ளிவிட்டு ஓடலாம். எலிகள் எல்லாம் அப்படித்தான் தோண்டும்.

பெருச்சாளி வந்தது. வளை தோண்டி விற்பது அதன் தொழில்.

“பழைய வளையைக் கொடு, புது வளையை எடுத்துக்கொள்! மேலே ஒரு கட்டு நெற்கதிர் கொடுத்தால் போதும். இன்று பொழுது சாயும்வரை மட்டும்!”

செம்பி புது வளைக்குள் எட்டிப் பார்த்தது. அகலமான வாசல். உமி மெத்தை. ஐந்து குஞ்சுகளும் காலை நீட்டிப் படுக்கலாம்.

பக்கத்து வளை நண்டு கண்ணை மட்டும் வெளியே நீட்டியது.

“ஏ செம்பி, பின்வாசல் எங்கே?”

“அடுத்த மழைக்குள் போட்டுத் தருகிறேன்!” என்றது பெருச்சாளி. “சட்டென்று சொல்லம்மா, அந்தப் பக்கம் நாலு பேர் காத்திருக்கிறார்கள்!”

“நேற்றும் ‘இன்று மட்டும்’ என்றுதானே கத்தினாய்?” என்றது நண்டு.

“உனக்குப் பொறாமை, அண்ணே!” என்றது செம்பி. கதிரைக் கொடுத்தது. குஞ்சுகளோடு குடிபோனது.

மூன்றாம் நாள் உச்சி வெயிலில் சாரைப்பாம்பு வந்தது. வாசல்தான் அகலமாயிற்றே, தாராளமாக நுழைந்தது.

செம்பி பின்னால் ஓடியது. சுவர். இடப்பக்கம் ஓடியது. அங்கேயும் சுவர். மெத்தை மட்டும் மெத்தென்று இருந்தது. குஞ்சுகள் கீச்சிட்டன.

“அண்ணே! நண்டண்ணே!”

சுவருக்கு அப்பால் கரகரவென்று சத்தம். மண் உதிர்ந்தது. ஒரு கொடுக்கு எட்டிப் பார்த்தது.

“கத்தாதே! குஞ்சுகளைத் தள்ளு!”

ஐந்தும் நண்டின் வளைக்குள் போயின. கடைசியாகச் செம்பி. பின்னாலேயே பாம்பு மூக்கை நீட்டியது. நண்டு ஒரு கிள்ளு கிள்ளியது. பாம்பு வந்த வழியே போனது.

வெளியே பெருச்சாளியின் குரல் கேட்டது. “புது வளை! இன்று பொழுது சாயும்வரை மட்டும்!”

“அவனுக்கு இன்னும் பொழுதே சாயவில்லையா?” என்றது செம்பி.

 நண்டு புது வளைக்குள் போய்ப் பின்சுவரைக் குடைய ஆரம்பித்தது.

அவசரப்படுத்தி விற்கிறவனிடம் வாங்கும்முன், நம் கையைவிட்டுப் போவது என்ன என்று பார்க்க வேண்டும். அந்த வரப்பில் அதைப் பார்த்தது நண்டு ஒன்றுதான்.