முதலாளியை உள்ளே விடாத புடவைக்கடை

மூக்கனூர்க்காரர்களுக்கு மூளை கிடையாது என்று பக்கத்து ஊரில் சொல்வார்கள். அபாண்டம். மூளை உண்டு, எடுத்தால் தேய்ந்துவிடுமே என்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர்ப் புடவைக்கடை முதலாளி தணிகாசலத்துக்கு ஒரு காலையில் மெயில் வந்தது. அனுப்பியவர் தணிகாசலம். பெறுபவரும் தணிகாசலம். 'உன் கடவுச்சொல்லை உடனே அனுப்பு. இல்லையென்றால் இன்றோடு உன் மெயில் பெட்டி அழிந்துவிடும்.'

அவருக்கு வியர்த்துவிட்டது. சிங்கப்பூரில் ஒரு கல்யாணத்துக்கு நாற்பது பட்டுப்புடவை கேட்டிருந்தார்கள். பகல் பன்னிரண்டுக்குள் அந்தப் பெட்டியிலிருந்து 'சரி' என்று பதில் போகாவிட்டால் வேறு கடைக்குப் போய்விடுவார்கள்.

"எனக்கு நானே எதுக்கு எழுதணும்?" என்றார்.

"நேர்ல சொல்லச் சங்கடமா இருந்திருக்கும் முதலாளி," என்றான் விற்பனையாளன் பச்சையப்பன்.

கம்ப்யூட்டர் பார்க்கும் குணவதி நன்றாக யோசித்தாள். "'உன்', 'அனுப்பு'ன்னு ஒருமையில எழுதியிருக்கு. முதலாளியை அப்படிப் பேச இந்தக் கடையில முதலாளிக்கு மட்டும்தான் தைரியம் உண்டு."

"அப்போ நான்தான்," என்றார் தணிகாசலம் வருத்தத்துடன். "ஆனா எனக்குத் தெரிஞ்ச கடவுச்சொல்லை என்கிட்டயே ஏன் கேக்கறேன்? மறந்துட்டேனா?"

கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் ஜாபரைப் போனில் பிடித்தார்கள். "திருட்டு மெயில் அண்ணே. யாரு பேரை வேணும்னாலும் போட்டு அனுப்பலாம். தலைப்பைப் பிரிச்சுப் பாருங்க, எங்கேயிருந்து வந்ததுன்னு தெரிஞ்சுடும்."

புடவைக்காரர்களுக்குத் தலைப்பு என்றால் ஒன்றுதான், முந்தானை. அலமாரியிலிருந்த முந்நூறு புடவைகளையும் பிரித்து, ஒவ்வொன்றின் தலைப்பையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். இது காஞ்சிபுரம், இது ஆரணி. கடைசியில் ஒரு பனாரஸ் சிக்கியது. "அசலூரு. இவன்தான்," என்று பச்சையப்பன் அதை மட்டும் தனியாகப் பூட்டிவைத்தான். மணி பதினொன்றரை.

திருடன் அகப்பட்டதைச் சொல்லப் போன் செய்தார்கள். "அண்ணே, தலைப்பை விடுங்க. உங்க விலாசத்துலேர்ந்து எது வந்தாலும் உள்ளே விடாதீங்க, அது போதும்," என்றார் ஜாபர்.

தணிகாசலம் இருவரையும் நிற்கவைத்து அதைக் கண்டிப்பான உத்தரவாகச் சொன்னார். "பதிலை நான் வந்து போடறேன்," என்று சொல்லிவிட்டு, படபடப்பு அடங்க மோர் குடிக்க வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது மணி பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம். வாசலில் பச்சையப்பன் கை நீட்டி மறித்தான்.

"எந்த விலாசத்துலேர்ந்து வர்றீங்க?"

"நாலாம் நம்பர், பிள்ளையார் கோயில் தெரு."

"அது முதலாளி விலாசமாச்சே."

"நான்தான்டா முதலாளி."

"காலையில வந்த மெயிலும் இதைத்தான் சொல்லுச்சு," என்றாள் குணவதி உள்ளேயிருந்து.

தணிகாசலம் யோசித்துப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. இப்படிப்பட்ட ஆட்கள் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று கண் கலங்கினார்.

"சரிம்மா, நீயாவது அந்தப் பதிலைப் போட்டுடேன்."

"முதலாளி வந்துதான் போடுவேன்னாருங்க. உட்காருங்க, வந்துடுவாரு."

நியாயம்தான். படியில் உட்கார்ந்தார். தெருக்கோடியை எட்டி எட்டிப் பார்த்தார். பன்னிரண்டு அடித்தது. நாற்பது புடவையும் போயிற்று.

"அவசரம் தெரியாத மனுஷன். வரட்டும் அந்த முதலாளி, நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்காம இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்," என்றார் தணிகாசலம்.