தலைமையாசிரியர் எழுதிய பட்டியல்

சென்னையில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நெருக்கும் ரிச்சி தெருவில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில், ஒரு குரு இருக்கிறார். பெயர் ஷாகிரா. வயது இருபத்தொன்பது. கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தருவது தொழில். அளந்துதான் பேசுவார்.

அவரைத் தேடி வந்த சீடருக்கு வயது ஐம்பத்து நான்கு. பெயர் ஆவுடைநாயகம். தாம்பரம் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியர். அவர் வராந்தாவில் நடந்தால் ஆறு வகுப்புகளில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கும். அப்படிப்பட்ட மனிதர் கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"செருப்போடவே வரலாம் சார்," என்றார் குரு.

"பரவாயில்லம்மா. நாற்பத்தஞ்சாயிரத்துல கேம் விளையாடற கம்ப்யூட்டர் ஒண்ணு வேணும். பட்டியல் எழுதிட்டு வந்திருக்கேன்."

மார்ஜின் விட்டு, தேதி போட்டு, கோடு கிழித்து எழுதிய முழுத்தாள். குரு வாங்கிப் படித்தார்.

"பிராசசர் ஐயாயிரம். மதர்போர்டு ஐயாயிரம். கிராபிக்ஸ் கார்டு ஐயாயிரம். மானிட்டர் ஐயாயிரம்... சார், வயருக்குமா ஐயாயிரம்?"

"மொத்தம் ஒன்பது ஐட்டம்மா. ஒன்பதால வகுத்தா அவ்வளவுதான் வருது. பாரபட்சம் காட்டக் கூடாது இல்லையா?"

"உங்க ஸ்கூல்ல சத்துணவு உண்டா சார்?"

"உண்டு."

"அரிசி எத்தனை கிலோவோ, உப்பும் அத்தனை கிலோ வாங்குவீங்களா?"

சீடர் பட்டியலைத் திரும்ப வாங்கி மடித்தார். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

அடுத்த சனிக்கிழமை புதுப் பட்டியலோடு வந்தார். இந்த முறை முகத்தில் ஒரு தெளிவு. முப்பத்தெட்டாயிரம் கிராபிக்ஸ் கார்டுக்கு. மீதி ஏழாயிரத்தில் மற்ற எட்டு ஐட்டம்.

"விசாரிச்சேன்மா. விளையாட்டுல படம் காட்டறதே கார்டுதானாமே. வகுப்புல முதல் மார்க் வாங்கற பையனைத்தானே நாமும் கவனிக்கணும்?"

குரு எழுந்தார். அலமாரியிலிருந்து ஒரு கார்டை எடுத்து அவர் முன்னால் மேசையில் வைத்தார்.

"விளையாடுங்க சார்."

சீடர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு விசிறி இருந்தது.

"ஸ்விட்சு எங்கம்மா இருக்கு?"

"இல்ல சார்."

"அப்ப எப்படி விளையாடறது?"

குரு வேறு ஒரு மெஷினுக்கு ஸ்குரு முடுக்கப் போய்விட்டார். சீடர் கொஞ்ச நேரம் கார்டின் விசிறியை விரலால் சுற்றிப் பார்த்துவிட்டு, எழுந்து போனார்.

மூன்றாவது பட்டியலுக்கு அவர் நிஜமாகவே படித்தார். பள்ளியில் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மதிய இடைவேளை முழுக்க வீடியோ பார்த்தார். ஏதோ இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்று நினைத்துக்கொண்ட ஆசிரியர்கள், பள்ளி திறந்ததிலிருந்து திருத்தாத நோட்டையெல்லாம் இரண்டு நாளில் திருத்தி முடித்தார்கள். பள்ளிக்கு அந்த வகையில் லாபம்தான்.

குரு மூன்றாவது பட்டியலை இரண்டு தடவை படித்தார்.

"பரவாயில்லையே சார். யாருக்கு இது?"

"பையனுக்கு. பேரு இளம்பரிதி. பிளஸ் டூ முடிச்சிருக்கான்."

"என்ன கேம் விளையாடுவான்?"

"ஏதோ சுடுவாங்கம்மா."

"எந்த கேம்ல சுடுவாங்க?"

சீடர் யோசித்தார். "துப்பாக்கியாலதான் சுடுவாங்க," என்றார்.

"வீட்டுல அவனைக் கேட்டுட்டு வாங்க சார். கேமுக்குத் தகுந்த மாதிரிதான் பார்ட்ஸ்."

"அவன்தான் பேசறதில்லையே."

இதைச் சொன்னபோது தலைமையாசிரியர் குரலில் தலைமை போயிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பொதுத் தேர்வுக்கு முன்னால் ஜனவரியில், கவனம் சிதறுகிறது என்று பையனின் கம்ப்யூட்டரை அவன் ஸ்கூலுக்குப் போயிருந்த நேரத்தில் பழைய சாமான்காரரிடம் கொடுத்துவிட்டார். மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் கிடைத்தது. அன்றிலிருந்து பையன் எதற்கும் "ம்" தான். சாப்பிட்டியா? ம். பரீட்சை எப்படி? ம். ஆறு மாதம் ஆகிறது.

"இப்ப காலேஜ் கிடைச்சிருக்கு. வீட்டுலேருந்து ஒரே பஸ். ஆனா ஹாஸ்டல்ல சேரணும்னு ஃபார்ம் நிரப்பி வச்சிருக்கான். நான் கையெழுத்துப் போடற இடம் மட்டும்தான் பாக்கி. இந்த மெஷினை வாங்கி வச்சிட்டா, வீட்டோட இருப்பான்னு பார்க்கறேன்."

குரு ஸ்குரு டிரைவரைக் கீழே வைத்தார்.

"அந்தப் பழைய மெஷின்ல என்ன கார்டு இருந்துச்சு சார்?"

"கறுப்பா ஒண்ணு."

குரு கண்ணை மூடித் திறந்தார். மெஷின் கட்டுகிறவர் அல்லவா, அவருக்கு வலித்திருக்கும்.

"இனிமே தனியா வராதீங்க சார். பையன் இல்லாம வந்தா பட்டியலைப் பார்க்க மாட்டேன்."

"அவனுக்குத் தெரியாம வாங்கி வச்சு அசத்தலாம்னு..."

"போன தடவையும் அவனுக்குத் தெரியாமதானே சார் பண்ணீங்க?"

சீடர் பட்டியலை எடுக்கக்கூட மறந்து படியிறங்கினார். குருதான் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார்.

அவனை எப்படிக் கூப்பிடுவது? பாதிச் சென்னையைக் கூப்பிட்டு முட்டிபோட வைத்த மனிதருக்குத் தன் மகனைக் கூப்பிட வார்த்தை வரவில்லை. யோசித்து யோசித்து, பட்டியலைச் சாப்பாட்டு மேசையில், பையன் உட்காரும் இடத்தில் வைத்துவிட்டு வேறு அறைக்குப் போய் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தார். பேப்பர் தலைகீழாக இருந்ததாக அவர் மனைவி பிற்பாடு சொன்னார்.

மறுநாள் காலை தாள் அதே இடத்தில் இருந்தது. முழுக்கச் சிவப்பு மை. அவருடைய பேனாதான்; கையெழுத்து பையனுடையது.

'இந்த பிராசசர் இந்த மதர்போர்டில் உட்காராது.' 'லைட் எரியும் கேபினெட் தேவையில்லை.' 'கீபோர்டு வாரண்டி கார்டை லேமினேட் செய்யப் பட்டியலில் காசு எதற்கு?' கடைசியில் வட்டம் போட்டு, நூற்றுக்கு முப்பத்தொன்று.

வாழ்நாளில் முதல்முறையாக ஃபெயிலான தலைமையாசிரியர், தாளைப் படித்துப் படித்துச் சந்தோஷப்பட்டார். ஆறு மாதத்தில் மகன் தன்னிடம் இவ்வளவு சொன்னதேயில்லை. அடியில் நீல மையில் எழுதினார்: 'சனிக்கிழமை ரிச்சி தெரு. வருகிறாயா?'

மாலையில் பதில் இருந்தது. 'ம்.'

சனிக்கிழமை இருவரும் மாடி ஏறினார்கள். ரயிலில் வேறு வேறு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்திருப்பார்கள் போலிருக்கிறது. பையன் அப்பாவைவிட அரையடி உயரம். வந்ததும் குருவைப் பார்த்துச் சொன்னான்:

"அக்கா, இவர் எழுதின எதையும் எடுக்காதீங்க. கார்டைத்தான் முதல்ல முடிவு பண்ணணும்னு அவர்கிட்டச் சொல்லுங்க."

"நான் பிராசசர் சூடாகாம இருக்கப் பேஸ்ட் தடவிட்டிருக்கேன். கவனம் தப்பிடும். நீயே சொல்லு," என்றார் குரு. அவர் கையில் பேஸ்ட் எதுவும் இல்லை.

பையன் சுவரைப் பார்த்துச் சொன்னான். "கார்டைத்தான் முதல்ல முடிவு பண்ணணும்."

"எஸ்.எம்.பி.எஸ் நல்லதா வாங்கணும்," என்றார் அப்பா.

"மலிவா ஒண்ணு போதும்."

"நம்ம வீட்டுல கரண்ட்டு வர்ற லட்சணம் தெரியுமில்ல? மாடி வீட்டுக்காரர் மோட்டார் போட்டா நம்ம ட்யூப் லைட்டு அழுவுது. மின்சாரம் வாங்கிக் கொடுக்கற பெட்டி அது. மட்டமா இருந்தா கார்டோட சேர்ந்து போயிடும்."

பையன் திரும்பிப் பார்த்தான். "அது... கரெக்ட்," என்றான். அப்பா முகத்தில் ஸ்டேட் ஃபர்ஸ்ட் வாங்கிய களை.

அரை மணி நேரம் வாதம் நடந்தது. கடைசியில் ஒரு கார்டில் ஒத்துப்போனார்கள். இருவரும் ஒரே நேரத்தில் அதன் பெயரைச் சொன்னார்கள்.

குரு தலையை நிமிர்த்தவில்லை. "ஸ்டாக் இல்ல."

கார்டு மாறினால் எஸ்.எம்.பி.எஸ் மாறும். அது மாறினால் கேபினெட் மாறும். கணக்கு இடித்தது. பையன் கால்குலேட்டரைத் தேடுவதற்குள் அப்பா மனக்கணக்கில் விடை சொன்னார். பையன் மானிட்டரைக் குறைத்தான். அப்பா கீபோர்டை வெட்டினார். இன்னொரு கார்டில் வந்து நின்றார்கள்.

"ஸ்டாக் இல்ல."

"என்னக்கா கடை வச்சிருக்கீங்க!" என்று பையன் கத்தினான். அந்தக் கோபம் அப்படியே அப்பா பக்கம் திரும்பியது. "எல்லாம் உங்களாலதான்பா! என் மெஷின் இருந்திருந்தா இங்க வந்து நிக்கணுமா? கேட்டரிங் வேலைக்குப் போய், பொங்கல் காசு சேர்த்து, ரெண்டு வருஷமா ஒவ்வொண்ணா வாங்கினேன். கல்யாண வீட்டுல எச்சில் இலை எடுத்து வாங்கின ரேம் அது. இரும்பு மாதிரி எடை போட்டுக் குடுத்தீங்க. ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கடையில் விசிறி மட்டும் சுற்றியது. இந்த முறை அந்த அமைதி தலைமையாசிரியருக்காக அல்ல.

"எச்சில் இலை எடுத்தியா?" என்றார். "எனக்குத் தெரியாதேடா."

"நீங்க கேட்கலையே."

"தப்புப் பண்ணிட்டேன், பரிதி."

முப்பது வருட சர்வீஸில் அவர் யாரிடமும் சொல்லாத வாக்கியம். மகனுக்கே அது புதுசு. என்ன செய்வதென்று தெரியாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு காலி அட்டைப்பெட்டியைத் திறந்து திறந்து மூடினான்.

"கார்டை மட்டும் தனியாக் கழற்றி வித்திருந்தாலே பதினோராயிரம் வந்திருக்கும்பா," என்றான்.

"பதினோராயிரமா! அந்த ஆள் மூவாயிரத்து ஐந்நூறுக்கே ரொம்ப யோசிச்சானேடா!"

"உங்க மூஞ்சியைப் பார்த்திருப்பான்."

முதலில் யார் சிரித்தது என்று சொல்ல முடியாது. குருவின் முதுகும் குலுங்கியது. பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருங்க, எதிர்க் கடையில அந்த ரெண்டாவது கார்டு இருக்கான்னு பார்த்துட்டு வர்றேன்," என்று படியில் தடதடவென்று இறங்கினான்.

சீடர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். அப்போதுதான் குருவின் தலைக்கு மேலே இருந்த அலமாரி தெளிவாகத் தெரிந்தது. முதல் கார்டு நான்கு பெட்டி. இரண்டாவது கார்டு ஆறு பெட்டி.

"ஏம்மா," என்றார். "அது... அதுதானே?"

"ஆமா சார்."

"ஸ்டாக் இல்லன்னு சொன்னியே?"

"இருக்கு சார். பில் போட்டுடட்டா? நீங்க பேசி முடிச்சாச்சா?"

கீழே தெருவிலிருந்து சத்தம் வந்தது. "அப்பா! எதிர்க் கடையிலயும் இல்லையாம்! முதல்லேருந்து பார்க்கணும், இறங்கி வாங்க. ஜூஸ் குடிச்சிட்டே பேசலாம்!"

சீடர் படியைப் பார்த்தார். அலமாரியைப் பார்த்தார்.

"இன்னும் இல்லம்மா," என்றார்.

குரு ஒரு பழைய செய்தித்தாளை விரித்துப் பெட்டிகளின் மேல் மூடினார்.

"அப்ப ஸ்டாக் இல்ல சார்."