பிரேக்குக்கு வைத்த பொட்டு

பொள்ளாச்சி அரிசி மில் முதலாளி ஆவுடையப்பனின் பழைய காரில் ஏபிஎஸ் பிரேக் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிந்தது.

"மழைக்காலமுங்க. பிரேக்கை அழுத்துனா சக்கரம் இறுகி வண்டி வழுக்கீருமுங்க. ஒர்க்‌ஷாப்புல காட்டீரலாம்" என்றான் டிரைவர் செம்மலை.

"எனக்கே பாடமா?" என்ற முதலாளி, மனைவியின் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டை வாங்கி விளக்கின்மேல் ஒட்டினார். "கோளாறு போச்சு! நாளைக்கு வால்பாறை போறோம். முடியாதுன்னா வேலையை விட்டு நின்னுக்கோ."

மறுநாள் மலையடிவாரத்தில் வண்டி இருமி நின்றது.

"பெட்ரோல் தீந்துருச்சுங்க."

"அதுக்கு விளக்கு எரியலையேடா!"

"எரிஞ்சுதுங்க. அம்மாகிட்ட இன்னொரு பொட்டு வாங்கி ஒட்டிட்டனுங்க."

"மடையா, பொட்டு வெச்சா டேங்க் நெறைஞ்சிருமா?"

"பிரேக் சரியாப்போச்சுன்னீங்களே முதலாளி, டேங்க்கும் நெறைஞ்சிரும்னு நெனச்சனுங்க."

முதலாளி மழையில் பளபளத்த கொண்டை ஊசி வளைவை அண்ணாந்து பார்த்தார். பக்கத்து ஒர்க்‌ஷாப் வரை இருவரும் வண்டியைத் தள்ளினார்கள்.

மெக்கானிக் முன்சக்கரத்தைக் கழற்றி, சென்சாரில் அறுந்திருந்த ஒயரை மாற்றிவிட்டுக் குரல் கொடுத்தார்: "விளக்கு அணைஞ்சுதுங்களா?"

பதில் சொல்வதற்கு, முதலாளி நகத்தால் பொட்டைச் சுரண்ட வேண்டியிருந்தது.