நடுவில் உள்ள மாதங்கள்

கோமதிநாயகத்துக்கு ஐம்பத்து நான்கு வயதில் குரு கிடைத்தார். குருவுக்கு வயது நாற்பத்து மூன்று. பெயர் எப்சிபா. பொருளாதார ஆய்வு நிறுவனம் ஒன்றில் பேராசிரியர். சீடர் குருவை “மேடம்” என்பார், குரு சீடரை “சார்” என்பார். பார்த்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருந்தது. அவர்கள் இருவருக்கும் அப்படித் தோன்றவில்லை.

கோமதிநாயகம் அரசின் திட்டத் துறையில் துணை இயக்குநர். முப்பது வருடம் கோப்பு தள்ளிச் சலித்துப்போனவர். ஓய்வு பெறும் முன் ஒரு விஷயத்தையாவது உருப்படியாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவராகவே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு இந்த நிறுவனத்துக்கு வந்திருந்தார். அவர் கற்க வந்தது பொதுச் சமநிலை மாடல்.

பெயர்தான் மிரட்டும். விஷயம் அப்படி ஒன்றும் மந்திரமில்லை. ஒரு மாவட்டத்தில் நெல், நூல், கூலி, வாடகை, லாரி, வரி எல்லாம் கயிற்றுக் கட்டில் போல ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒரு கயிற்றை இழுத்தால் எங்கே இறுகும், எங்கே தளரும் என்று கணினி கணக்குப் போட்டுச் சொல்லும். ஒரு வரியை ஏற்றலாமா, ஒரு ஆலையை மூடலாமா என்று யோசிக்கும்போது அரசாங்கம் இந்தக் கணக்கைக் கேட்டு வாங்கும். வாங்கிய பிறகு தனக்குப் பிடித்ததைச் செய்யும்.

அந்த வருடம் கோமதிநாயகத்தின் மேசைக்கு வந்தது ஒரு கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. அதை மூடிவிட்டு, அதற்குப் போகும் மானியத்தை வைத்து அதே மாவட்டத்தில் ஒரு தொழிற்பேட்டை கட்டலாமா என்பது கேள்வி. அவர் மூன்று மாதம் உட்கார்ந்து மாடலை ஓட்டினார். மாவட்டத்தின் வருமானம் ஒன்றேகால் சதவீதம் உயரும் என்று வந்தது. ஆலையில் இருக்கும் இரண்டாயிரத்து இருநூறு பேருக்கும் வேறு தொழில்களில் வேலை கிடைத்துவிடும், கூலிகூடக் கொஞ்சம் ஏறும் என்று வந்தது.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் இதையெல்லாம் அவர் திரையில் போட்டுக் காட்டினார். யாரும் கூச்சல் போடவில்லை. கடைசியில் பாய்லர் பிரிவு ஆள் ஒருவர் எழுந்தார்.

“ஐயா, நீங்க சொல்ற வேலை வரும்னே வச்சுக்குவோம். எத்தனை மாசத்துல வரும்? அதுவரைக்கும் வீட்டுல உலை வைக்கணும்ல?”

கோமதிநாயகம் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார். பிறகு சொல்வதாகச் சொன்னார்.

அரசாங்கமும் அதையேதான் கேட்டிருந்தது. மாறுவதற்கு எத்தனை மாதம் என்று அறிக்கையில் அவர் எழுதுகிறாரோ, அத்தனை மாதத்துக்குத்தான் தொழிலாளர்களுக்கு உதவித்தொகை. அதற்குமேல் ஒரு நாள்கூடக் கிடையாது. அறிக்கை திங்கள்கிழமை போக வேண்டும். “ரொம்ப யோசிக்காதீங்க. சின்னதா ஒரு நம்பரைப் போட்டு அனுப்புங்க,” என்று மேலதிகாரி போனில் சொல்லிவிட்டார். கோமதிநாயகத்துக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் அவர் எப்சிபாவின் அறைக்குப் போனார்.

“மேடம், பழைய சமநிலையிலிருந்து புதிய சமநிலைக்குப் போய்ச் சேர எத்தனை மாசம் ஆகும்?”

“மாடல் என்ன சொல்லுது சார்?”

“அதுல காலமே இல்லையே மேடம். முன்னால ஒரு படம் இருக்கு. பின்னால ஒரு படம் இருக்கு. நடுவுல ஒண்ணுமே இல்ல.”

“சரியாத்தான் படிச்சிருக்கீங்க.”

“படிச்சு என்ன பண்ண? திங்கக்கிழமை நான் ஒரு எண்ணு எழுதணுமே.”

எப்சிபா மேசைமேல் இருந்த தாள்களை அடுக்கினார். அடுக்கியதைக் கலைத்து மறுபடியும் அடுக்கினார்.

“நாளைக்கு லீவு போட முடியுமா சார்?”

“போடலாம். எதுக்கு?”

“செங்கழனிபுரம்னு ஒரு ஊர். பதினோரு வருஷத்துக்கு முன்னால அங்க இருந்த நூற்பாலையை மூடலாமான்னு இதே மாதிரி ஒரு கணக்கு போட்டாங்க. மூடிட்டாங்க. போய்ப் பார்த்துட்டு வருவோம்.”

மறுநாள் இருவரும் முதல் பஸ்ஸில் கிளம்பினார்கள். நாலு மணி நேரப் பயணம். எப்சிபா வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கோமதிநாயகம் கெட்டதைப் பார்க்கத் தயாராக மனதைக் கல்லாக்கிக்கொண்டு வந்தார். துருப்பிடித்த கேட்டு, பூட்டிய கடைகள், சும்மா உட்கார்ந்திருக்கும் ஆண்கள்.

இறங்கிப் பார்த்தால் ஊர் ஜேஜே என்று இருந்தது.

ஆலை இருந்த இடத்தில் பெரிய சரக்குக் கிடங்கு. வாசலில் வரிசையாக லாரிகள். புது ஹோட்டல்கள், இரண்டு கல்யாண மண்டபம், பைக் ஷோரூம். கடைக்குக் கடை “வேலைக்கு ஆட்கள் தேவை” என்று அட்டை தொங்கியது. ஒரு ஹோட்டலில் சாப்பாடும் தங்குமிடமும் இலவசம் என்று சேர்த்து எழுதியிருந்தார்கள்.

கோமதிநாயகத்துக்கு உயிர் வந்தது.

“மேடம், இந்த ஊருக்குக் கணக்குப் போட்டவர் யாரோ, கையெடுத்துக் கும்பிடணும். அப்படியே பலிச்சிருக்கே!”

“பலிச்சுது சார். மாவட்ட வருமானம் ஒண்ணு புள்ளி நாலு சதவீதம் ஏறும்னு போட்டது, ஒண்ணு புள்ளி நாலே ஏறுச்சு. உங்க பாடத்துல மாவட்டம் ‘அ’ன்னு ஒண்ணு வருதே, அது இந்த ஊர்தான்.”

“அப்ப அந்தக் கணக்கு…”

“நான் போட்டதுதான்.”

கோமதிநாயகம் நிஜமாகவே கும்பிடக் கையைத் தூக்கினார். எப்சிபா அதைப் பார்க்காதவர் போல நடந்தார்.

“சார், ஒரு உதவி. அந்த மில்லுல வேலை பார்த்தவங்க ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர். அதுல யாராவது ஒருத்தரைக் கண்டுபிடிச்சுக் கொடுங்க. அவர்கிட்டயே கேட்டுக்குவோம், எத்தனை மாசம் ஆச்சுன்னு.”

இது என்ன பெரிய காரியம் என்று கோமதிநாயகம் டீக்கடையில் ஆரம்பித்தார். டீக்கடைக்காரர் ஊருக்கு வந்து ஆறு வருடம். பக்கத்து மருந்துக்கடைக்காரர் ஐந்து வருடம். ஹோட்டலில் தண்ணீர் வைத்த பையனுக்குத் தமிழே தெரியவில்லை. கிடங்கு வாசலில் இருந்த காவலாளி வேறு மாவட்டத்துக்காரர். மில் என்று ஒன்று இருந்ததே அவருக்குத் தெரியாது. ஆட்டோ நிறுத்தத்தில் ஒருவர் மட்டும், “அவங்கல்லாம் அப்பவே போயிட்டாங்க சார்,” என்றார். எங்கே என்று கேட்டதற்கு, திருப்பூர், கேரளா என்று கையைப் பொத்தாம்பொதுவாக வீசினார்.

மதியம் இரண்டு மணிவரை அலைந்தார்கள். கோமதிநாயகத்தின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. காலையில் வந்த உற்சாகம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துவிட்டது.

“யாருமே இல்லையா மேடம்?”

“ஒருத்தங்க இருக்காங்க. வாங்க.”

கிடங்குக்குப் பின்னால் பழைய மில் குடியிருப்பு இருந்தது. ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட நாற்பது வீடுகள். வாசல்களில் வடக்கத்தி இளைஞர்களின் துணிகள் காய்ந்தன. கடைசி வீட்டில் ஒரு பெண் அடுப்பின் முன் உட்கார்ந்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். எப்சிபாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“வா தாயி. போன வருஷம் பொங்கல் கழிச்சு வந்தது. ஆளு இப்படி மெலிஞ்சு போயிட்டியே. யாரு, ஐயா உங்க ஆபீஸா?”

“ஆமாக்கா. கூட வேலை பாக்குறார். சார், இவங்க சீனியம்மாக்கா.”

அந்த அக்கா இரண்டு தட்டு எடுத்து வைத்தார். வேண்டாம் என்று சொல்ல இடம் கொடுக்கவில்லை.

“இந்த ரொட்டி சுடவே அம்பது வயசுக்கு மேலதான்யா கத்துக்கிட்டேன். கிடங்குல வேலை பாக்குற பிள்ளைங்க முப்பது பேருக்குச் சுட்டுக் கொடுக்கிறேன். அதுகளும் பாவம், அதுகளுக்கு எந்த ஊரோ.”

“உங்க வீட்டுக்காரர் மில்லுல இருந்தாராம்மா?” என்று கேட்டார் கோமதிநாயகம்.

“இருபத்துநாலு வருஷம். நூல் ஓட்டுற மிஷின்ல. வேலுமயில்னு கேட்டா மில்லுல யாருக்கும் தெரியும். இப்ப கேக்கத்தான் ஆளு இல்ல.”

அவர் ரொட்டியைத் திருப்பிப் போட்டார்.

“மில்லை மூடுனப்ப ஆறு மாசத்துல வேற வேலை வந்துரும்னு சொன்னாங்கய்யா. ஆறு மாசம் பணமும் கொடுத்தாங்க, பொய் சொல்லக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்டாம் மாசமே சட்டி பானையைத் தூக்கிக்கிட்டுத் திருப்பூர் கிளம்பிட்டாங்க. இவரையும் கூப்பிட்டாங்க. இவர் போகல. அரசாங்கமே ஆறு மாசம்னு எழுதிக் கொடுத்திருக்கு, சும்மாவா சொல்லுவாங்கன்னுட்டார். யாரோ படிச்சவங்க கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டதாம். தப்பவே தப்பாதாம்.”

எப்சிபா தலையைக் குனிந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

“ஏழாம் மாசம் பணம் நின்னுருச்சு. வேலை வரல. பொண்ணு பிளஸ் டூ படிச்சுக்கிட்டு இருந்தா, பாதியில நிப்பாட்டினோம். அப்பவாவது திருப்பூர் போகலாம்னு பார்த்தா, முன்னால போனவங்களே அங்க இடத்தைப் பிடிச்சுக்கிட்டாங்க. இவருக்கு நாப்பத்தெட்டு வயசுன்னதும் வேண்டாம்னு அனுப்பிட்டாங்க. தார் ரோடு போடப் போனார். மூணாம் வருஷம் சித்திரையில, வெயில்ல, அந்த ரோட்டுமேலயே விழுந்துட்டார்.”

கோமதிநாயகத்துக்குத் தட்டைக் கீழே வைக்கவும் முடியவில்லை, கையில் வைத்திருக்கவும் முடியவில்லை.

“இந்த ‘ஆட்கள் தேவை’ அட்டையெல்லாம் எப்பம்மா வந்துச்சு?”

“அது ஒம்பதாம் வருஷம்யா. கிடங்கு வந்தப்புறம். வீட்டுக்கே வந்து கூப்பிட்டாங்க, ஆம்பளை ஆளு இருக்கான்னு.” அவர் எப்சிபாவின் தட்டைப் பார்த்தார். “சாப்பிடு தாயி. ஆறிப் போகுது பாரு.”

எப்சிபா சாப்பிட்டார். இன்னொன்று வைத்தபோதும் மறுக்காமல் சாப்பிட்டார். கிளம்பும்போது அந்த அக்கா வாசல்வரை வந்து, அடுத்த தடவை வரும்போது முன்கூட்டியே சொல்லிவிட்டு வரும்படி சொன்னார்.

பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. இருவரும் வெயிலில் நின்றார்கள். கோமதிநாயகத்துக்குக் கோபம் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாததால் அது இன்னும் கூடியது.

“அவங்களுக்குத் தெரியுமா மேடம், நீங்கதான்னு?”

“தெரியாது சார். ஒவ்வொரு தடவையும் சொல்லிடணும்னுதான் வர்றேன். சாப்பிட்டுட்டுத் திரும்பிடுறேன்.”

“கணக்குல வேலையில்லாதவங்க ஒருத்தரும் இருக்க மாட்டாங்கன்னு வந்துச்சு இல்லையா?”

“ஆமா. இப்ப இந்த ஊர்ல ஒருத்தரும் இல்ல.”

கோமதிநாயகத்துக்குத் திங்கள்கிழமை நினைவுக்கு வந்தது. இரண்டாயிரத்து இருநூறு பேர் நினைவுக்கு வந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் அரசாங்கம் எழுதிக் கொடுத்ததை நம்பிக் காத்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தார்.

“மேடம், நான் கோபமா கேக்கல. எனக்குத் தெரிஞ்சாகணும். அந்த ஆறு எங்கேயிருந்து வந்துச்சு? மாடல்ல இருக்கிற சமன்பாட்டையெல்லாம் ஒவ்வொண்ணா மனசுக்குள்ள ஓட்டிப் பார்த்துட்டேன். எதுலயும் மாசமே இல்ல.”

“இல்ல சார்.”

“வேற ஊர் எதையாவது பார்த்துட்டுப் போட்டீங்களா?”

“அப்ப நான் எந்த ஊருக்கும் போனதில்ல.”

“பெரியவங்க யாராவது அப்படி எழுதச் சொன்னாங்களா?”

“யாரும் சொல்லல.”

“பின்ன எப்படி மேடம்?”

பஸ் வந்து நின்றது. வடக்கத்தி இளைஞர்கள் ஏழெட்டுப் பேர் பைகளோடு இறங்கினார்கள். அவர்கள் எல்லாரும் இறங்கி முடியும்வரை எப்சிபா ஒதுங்கி நின்றார்.

“கணக்கைக் காட்டின கூட்டத்துல எத்தனை மாசம்னு கேட்டாங்க. பன்னிரண்டு பேர் உட்காந்திருந்தாங்க சார். எனக்கு முப்பத்திரண்டு வயசு. தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு.”